கர்னாக்கின் சிவப்புச் சிற்றாலயம் மீண்டும் எழுந்த விதம்

எகிப்தின் லக்சர் நகரில் உள்ள கர்னாக் திறந்தவெளி அருங்காட்சியகத்தின் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிக்கப்பட்ட சிற்றாலயங்களில் எந்தக் கல் எங்கே இருந்தது என்பதை எவ்வாறு அறிந்தார்கள் என்று கேட்டிருந்தார்.

பார்வோன்கள் முன்னோரின் கட்டடங்களைப் பிரித்து, பைலன் எனப்படும் பெருவாயில் சுவர்களின் உட்புறத்தை அக்கற்களால் நிரப்புவது வழக்கம். அரசர் மூன்றாம் அமென்ஹோடெப் கர்னாக் கோயிலில் எழுப்பிய மூன்றாம் பைலனுக்குள்ளிருந்து, 1920-களின் இறுதி முதல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஹென்றி ஷெவ்ரியே அத்தகைய கற்களை வெளியே எடுத்தார். அவற்றுள் அரசர் முதலாம் செனுஸ்ரெத்தின் சுண்ணாம்புக்கல் வெள்ளைச் சிற்றாலயம் 1930-களின் இறுதிக்குள் மீண்டும் எழுந்துவிட்டது.

ஹாட்செப்சுட் அரசி ஆமூன் தெய்வத்தின் திருவுருவைச் சுமக்கும் புனிதப் படகை வைப்பதற்காகக் கட்டிய சிவப்புச் சிற்றாலயமோ அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. செந்நிறக் குவார்ட்சைட் என்னும் கடினக் கல்லில் செதுக்கிய 300-க்கும் மேற்பட்ட கற்கள் கிடைத்தபோதிலும், அவை பல பத்தாண்டுகள் திறந்தவெளியில் வரிசையாகக் கிடந்தன. பொதுவாக எகிப்தியச் சுவர்களில் ஒரே காட்சி பல கற்களின் மீது பரந்திருக்கும். ஒரு கல்லில் பாதியில் நின்ற கோடு அடுத்த கல்லைக் காட்டிக்கொடுக்கும். இங்கோ ஒவ்வொரு காட்சியும் அந்தந்தக் கல்லுக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடுகிறது.

படம் உதவாதபோது கல்லின் வடிவமே சான்றாகிறது. ஒரே வரிசையில் அமர்ந்த கற்களின் உயரம் ஒன்றாக இருக்கும் என்பதால், உயரத்தை அளந்தாலே கற்கள் குழுக்களாகப் பிரிந்துவிடும். வெளிச்சுவர் மேலே செல்லச் செல்ல உட்புறமாகச் சாய்வதால் ஒவ்வொரு வரிசையும் தனக்குக் கீழுள்ளதைவிடச் சற்றே குறுகும். எனவே ஒரு வரிசையின் கற்களுடைய நீளங்களின் கூட்டுத்தொகை அந்த மட்டத்தின் அளவோடு பொருந்தியாக வேண்டும். அருகருகே அமரும் கற்களை, நடுவில் குறுகி இருமுனையிலும் விரிந்த கட்டைகளால் எகிப்தியர் பிணைத்தனர். அக்கட்டைக்கான குழியில் பாதி ஒரு கல்லிலும் மறுபாதி அடுத்ததிலும் வெட்டப்பட்டிருப்பதால், இரு பாதிகளும் நேர்க்கோட்டில் சேருமிடத்தில் அண்டைக் கற்கள் தெரியவரும். இவற்றோடு காட்சிகளின் திசையும் சேர்கிறது: தெய்வம் கருவறையிலிருந்து வெளியே நோக்கும், வழிபடும் அரசர் உள்ளே நோக்கி வருவார். எகிப்தியக் கட்டடங்களை வேற்றுக்கோள்வாசிகளுக்கு உரியவையாக்குவோர் இந்த அரைக்குழிகளை ஒருமுறையேனும் பொறுமையாகப் பார்க்க வேண்டும்; மனிதக் கைகளின் திட்டமும் உழைப்பும் அவற்றில் அவ்வளவு தெளிவாக உள்ளன.

எகிப்தியல் அறிஞர் பியேர் லகோவும் ஷெவ்ரியேயும் கற்களை ஒவ்வொன்றாகப் பதிவுசெய்த நூல் 1970-களில் வெளிவந்தது. கட்டடக் கலைஞர் பிரான்சுவா லார்ஷேயின் தலைமையில் மறுகட்டமைப்பு 2000-ஆம் ஆண்டையொட்டி நிறைவேறியது. உடனடிப் பலனை மட்டுமே எதிர்பார்க்கும் நிதித்திட்டம் எதுவும் இத்தகைய பணியைத் தாங்கியிராது. கற்களை அளந்து வரைவதற்கே தனியாக, நீண்டகாலத்திற்கு நிதி ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பொறுமையால் கிடைத்த அறிவுக்கு ஒரு சான்று உண்டு. இப்போது நிற்கும் சுவரில், ஹாட்செப்சுட்டின் உருவம், பிற்காலத்தில் அவருடைய நினைவை அழிக்க முயன்றவர்களால் ஒரு கல்லில் கொத்திச் சிதைக்கப்பட்டிருக்க, பக்கத்துக் கல்லில் அது பழுதின்றி இருக்கிறது. நிற்கும் சுவரில் எட்டும் உருவங்களை அழிப்பவர்கள் இப்படி இடைவிட்டு அழித்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆலயம் பிரிக்கப்பட்டுக் கற்கள் குவிந்து கிடந்தபோது, வெளியே தெரிந்த முகங்கள் மட்டுமே உளிக்கு இரையாயின என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கின்றனர்.