64 வைரம் 128 ஆன கதை

"சித்தி, லேக் அடிக்குது" என்று, அதாவது விளையாட்டு திக்கித் திணறுகிறது என்று, அக்கா மகன் குரல் கொடுத்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "உலையில ஒரு இரும்பு உருக எத்தனை வினாடி ஆகுது?"

ஜூன் விடுமுறையில் அவனும் ஈசூன் வட்டார நண்பர்களும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஒன்றாக ஆட, காசு போட்டு ஒரு சர்வரை, அதாவது அந்த விளையாட்டு உலகத்தை ஓட்டும் கணினியை, வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மென்பொருளைச் சோதிப்பது என் தொழில் என்பதால், விடுமுறையின் பாதி எனக்கும் அதில்தான் போனது.

அந்த சர்வருக்கு ஒரு நாடித்துடிப்பு உண்டு. அதன் பெயர் டிக். வினாடிக்கு 20 டிக், ஒரு டிக்குக்கு 50 மில்லிவினாடி. ஆடு நகர்வது, பயிர் வளர்வது, நீங்கள் உடைத்த கல் பொருளாகக் கீழே விழுவது எல்லாம் அந்த 50 மில்லிவினாடிக்குள் நடந்து முடிய வேண்டும். பெரும்பாலும் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாக. கோப்பிக் கடையில் கோப்பி கலக்குபவர் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளகின் என்பது சர்வரில் கூடுதலாகச் சேர்க்கும் ஒரு சிறு நிரல், அதே வரிசையில் வந்து நிற்கும் இன்னொரு ஆள். 'யாராவது உள்ளே வந்தால் என்னைக் கூப்பிடு, யாராவது பெட்டியைத் திறந்தால் என்னைக் கூப்பிடு' என்று சர்வரிடம் சொல்லி வைக்கிறது. கூப்பிட்டதும் வந்து தன் வேலையைச் செய்கிறது. அது 300 மில்லிவினாடி எடுத்துக்கொண்டால் 6 டிக் போச்சு, சர்வரில் இருக்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியதுதான்.

உலைக் கேள்விக்கு வருவோம். ஒரு இரும்புத் தாது உருக 200 டிக், அதாவது 10 வினாடி. கைத்தொலைபேசியில் நேரத்தை அளந்து பாருங்கள். 20 வினாடி ஆனால் சர்வர் பாதி வேகத்தில் ஓடுகிறது, குற்றம் சர்வரிடம் அல்லது ஏதோ ஒரு பிளகினிடம். சரியாக 10 வினாடிதான், ஆனாலும் உடைத்த கல் திரும்ப முளைக்கிறது என்றால் பெரும்பாலும் வீட்டு இணையத்தையோ தூரத்தையோதான் பார்க்க வேண்டும். இரண்டையும் 'லேக்' என்ற ஒரே சொல்லால் சொல்வதால்தான் பிளகின் எழுதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

இனி வைரம். எங்கள் புளோக்கில் இருக்கும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் இவர்களுக்காக ஒரு பை பிளகின் எழுதிக் கொடுத்திருந்தான். கட்டளை கொடுத்தால் 27 கட்டம் உள்ள பை திறக்கும். வெளியேறும்போது பையில் இருப்பது ஒரு தரவுத்தளத்தில் சேமிக்கப்படும். திரும்பி வந்தால் அங்கிருந்து எடுத்து வைக்கப்படும். இரண்டே நாளில் இவர்கள் அனுப்பிய புகார்: "அண்ணே, பை வேலை செய்யல, வைரம் டபுள் ஆகுது." அவன் தன் கணினியில் பத்து முறை முயன்றுவிட்டு, "என்கிட்ட வரலையே" என்று பதில் போட்டான். இருவர் சொன்னதும் உண்மை. இந்த இடத்தில்தான் பெரும்பாலான புகார்கள் செத்துப்போகின்றன.

நாங்கள் முதலில் உலகத்தை நகலெடுத்து ஒரு சோதனை சர்வரில் வைத்தோம். பிள்ளைகள் மூன்று வாரம் கட்டிய வீடுகளில் யாரும் சோதனை செய்யக்கூடாது. மொத்தம் 8 பிளகின் இருந்தன. பாதியை எடுத்துவிட்டுப் பார், மிச்சத்தில் பாதியை எடுத்துவிட்டுப் பார் என்று போனால் 3 சுற்றில் குற்றவாளி தனியாக நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் சர்வரை முழுதாக நிறுத்தித் தொடங்க வேண்டும். ரீலோட் கட்டளை மட்டும் போட்டால் பழைய மிச்சம் நினைவகத்தில் தங்கி நம்மை ஏமாற்றலாம்.

பை பிளகின்தான் என்று உறுதியானது. ஆனால் எப்போது? அக்கா மகனுக்கு வருகிறது, அவன் நண்பனுக்கு வருவதில்லை. அப்புறம் ஒரு காரியம் செய்தோம். 27 கட்டத்திலும் 27 வகைப் பொருளை வைத்தோம், ஒவ்வொன்றிலும் ஒன்று. எல்லாவற்றையும் கைக்கு எடுத்துக்கொண்டு அக்கா மகன் வெளியேறினான். மூன்று வினாடியில் திரும்ப நுழைந்து பையைத் திறந்தான். மேல் இரண்டு வரிசை காலி. கடைசி வரிசையின் 9 பொருளும் பைக்குள் அப்படியே இருந்தன, கையிலும் இருந்தன! அவன் வைரத்தை எப்போதும் கடைசி வரிசையில் ஒளித்து வைப்பவன். நண்பன் முதல் கட்டத்தில் வைப்பவன்.

சர்வரின் பதிவுக் கோப்பில் நான்கு வரி. 21:14:07 வெளியேறினான். 21:14:10 உள்ளே வந்தான். 21:14:10 பை படிக்கப்பட்டது. 21:14:12 பை சேமிக்கப்பட்டது. கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். சேமித்து முடிக்கும் முன்பே படித்தாகிவிட்டது.

சேமிக்க ஏன் அவ்வளவு நேரம்? விளையாட்டு சர்வர் சிங்கப்பூரில், தரவுத்தளமோ பிராங்பர்ட்டில் ஓர் இலவசச் சேவையில். தூரம் சுமார் 10,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும், ஆகவே நேர்கோட்டில் போய் வந்தாலே 100 மில்லிவினாடி. கடலடிக் கம்பிகள் நேர்கோட்டில் போவதில்லை, எங்களுக்கு 170 ஆனது. பிளகின் ஒவ்வொரு கட்டமாக எழுதியது: 27 முறை 170, கிட்டத்தட்ட 4.6 வினாடி. மூன்றாவது வினாடியில் முதல் 18 கட்டம்தான் கரை சேர்ந்திருந்தது. படிப்பதோ ஒரே கேள்வியில் முடிந்துவிடும். அந்தப் பையன் சேமிப்பதை டிக் வரிசைக்கு வெளியே, பின்னணியில் வைத்திருந்தான். நல்ல பழக்கம்தான், இல்லாவிட்டால் ஒருவர் வெளியேறும்போதெல்லாம் சர்வர் 92 டிக் உறைந்திருக்கும். ஆனால் அதனாலேயே வேகமானியில் 20 டிக் குறையாமல் ஓடியது, யார் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. அவன் வீட்டிலோ தரவுத்தளம் அதே கணினியில் இருந்தது. அங்கே இந்தப் பிழை எட்டிப் பார்க்கவே வாய்ப்பில்லை.

இரண்டாவது புகாரை அக்கா மகனே எழுதினான். சர்வர், பிளகின் இரண்டின் பதிப்பு எண், தரவுத்தளம் இருக்கும் இடம், செய்த காரியங்கள் வரிசையாக, எதிர்பார்த்தது, நடந்தது, அந்த நான்கு வரி. 'சேமிப்பதற்குள் படிக்கிறது என்று நினைக்கிறேன்' என்பதைக் கடைசியில் தனியாக, ஊகம் என்று குறித்தே எழுதினான். இதை நான் வற்புறுத்தினேன். ஊகத்தைக் கண்டதோடு கலந்து எழுதினால், ஊகம் தவறும்போது கண்டதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

மறுநாள் மாலை திருத்திய பிளகின் வந்தது. 27 கட்டமும் ஒரே மூட்டையாகப் போகும், ஒருவரின் சேமிப்பு முடியும்வரை அவர் பை திறக்காது. ஐந்து முறை பார்த்துவிட்டு "சரியாயிடுச்சு" என்றான் அக்கா மகன். நான் விடவில்லை. ஏதோ ஒரு கட்டத்தில் பொருளை வைத்துச் சோதித்தால் பழைய பிழையே மூன்றுக்கு ஒரு முறைதான் தெரியும். பிழை அப்படியே இருந்தும் ஐந்து முறையும் கண்ணில் படாமல் போக ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. 15 முறை என்றால் அது நானூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். ஆகவே 15 முறை, அதில் பாதி கடைசி வரிசையில், சில முறை வெளியேறாமல் இணையக் கம்பியைப் பிடுங்கி.

வைரம் இரட்டிக்கவில்லை. ஆனால் கம்பியைப் பிடுங்கிய ஒரு முறை, திரும்பி வந்தபோது பை திறக்க அரை நிமிடம் ஆனது. அதையும் நேரத்தோடு குறித்து அன்றிரவே அனுப்பினான்.