கேபிள் எதில் தொங்குகிறது? ஏணிப் பாதுகாப்பில் நாம் பார்க்கத் தவறும் மேல்நுனி

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் சுவரோடு பொருத்திய இரும்பு ஏணி ஒன்று கண்ணில் படும். தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி, உயரத்துத் தண்ணீர்த் தாங்கி, மலையுச்சித் தொலைத்தொடர்புக் கோபுரம், நீர்மின் நிலையக் கட்டடம் எல்லாவற்றிலும் யாராவது ஏறித்தான் ஆகவேண்டும். இப்போது பல இடங்களில் ஏணியின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பிக் கேபிளை இழுத்துக் கட்டுகிறார்கள். அந்தக் கேபிளில் ஓடும் கிராப் என்ற கவ்வியை, உடம்பில் அணியும் வார்க்கட்டான ஹார்னஸின் நெஞ்சு வளையத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஏறும்போது அது கூடவே வழுக்கிக்கொண்டு வரும். கால் தவறினால் கேபிளைக் கவ்வி நின்றுவிடும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஹார்னஸ் புதிதா, கேபிள் பளபளக்கிறதா என்று பார்க்கிறவர்கள் கூட, அந்தக் கேபிள் மேலே எதில் தொங்குகிறது என்று கேட்பதில்லை. விழுகிறவரின் பாரம் முழுவதும் போய்ச் சேருவது அந்த மேல்நுனியில்தான். கீழே நின்று பார்த்தால் அது தெரியாது, ஏறினால்தான் தெரியும்.

"கையால் பிடித்துக்கொள்வேன்" என்கிற நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். ஆறடி விழ 0.6 விநாடி போதும். 80 கிலோ எடையுள்ளவர் ஆறடி விழுந்து 10 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தப்பட்டால், உடம்பில் இறங்கும் விசை 1,400 கிலோ பாரத்துக்கும் மேல். எந்தக் கையும் அதைத் தாங்காது. அதனால்தான் ஐரோப்பியத் தரங்கள் விழுகையை நிறுத்தும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது என்கின்றன. அது சுமார் 600 கிலோ பாரம். கிராப்பிலோ, கேபிளைத் தாங்கும் மேல் பிராக்கெட்டிலோ இருக்கும் ஷொக் அப்சோர்பர் (அதிர்ச்சி உறிஞ்சி) விசையை அந்த எல்லைக்குள் வைக்கிறது. அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண இரும்பு வளையத்தைப் போட்டால் கேபிள் அறாமல் இருக்கலாம், முதுகெலும்பு தப்பாது.

ஏணியைச் சுற்றியுள்ள கூண்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய தொழிற்சாலைகளில் வளைய வளையமாகக் கூண்டு வைத்த ஏணிகள் நிறைய உண்டு. கூண்டு பின்னால் சாய விடாது, அவ்வளவுதான். கீழே விழுவதைத் தடுக்காது. விழும்போது கையும் காலும் வளையங்களுக்குள் சிக்கி எலும்பு முறியும், மீட்கப் போகிறவருக்கும் இடைஞ்சல். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு விதிகள், 24 அடியைத் தாண்டும் நிலையான ஏணிகளுக்கு 2018 நவம்பர் முதல் புதிதாகக் கூண்டு மட்டும் வைப்பதை ஏற்பதில்லை. கேபிள், தண்டவாளம் போன்ற பாதுகாப்பு வேண்டும் என்கின்றன. பழைய ஏணிகளுக்கு 2036 நவம்பர் வரை அவகாசம். நம் ஊருக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் காரணம் பொருந்தும்.

பொருத்துவதற்கு முன் ஏணியைப் பாருங்கள்

கேபிள் வாங்கி வந்த அன்றைக்கே பொருத்த ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. கேபிளைத் தாங்குவது ஏணி, ஏணியைத் தாங்குவது சுவர். இந்த இரண்டும் உறுதியென்று தெரியாமல் கேபிளைக் கட்டினால், விழுகிறவர் ஏணியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வருவார்.

மலையகத்துப் பழைய தொழிற்சாலைச் சுவர்கள் பல செங்கல், கருங்கல், சுண்ணாம்புச் சாந்தால் கட்டியவை. அதில் துளையிட்டு விரியும் போல்ட்டை முறுக்கினால், முறுக்க முறுக்கச் செங்கல் உள்ளுக்குள் வெடிக்கும். வெளியில் போல்ட் இறுகியது போலவே தோன்றும். முடிந்தால் சுவரை ஊடுருவித் துளைத்து, மறுபக்கம் அகலமான இரும்புத் தகடு வைத்து நட் போடுங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில் வலைச் சல்லடைக் குழாயுடன் இரசாயனப் பசை நங்கூரம் போட்டு, பசை இறுகக் கொடுத்த நேரம் முழுவதும் காத்திருந்து, இழுத்துப் பார்க்கும் கருவியால் சோதிக்க வேண்டும். தனி நங்கூரத்துக்கு 6 கிலோநியூட்டனில் 15 விநாடி இழுத்துப் பார்ப்பது பிரித்தானிய நடைமுறை. அசைந்தால், சுற்றிலும் சாந்து உதிர்ந்தால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

ஏணிப்படிகளைச் சின்னச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். குழாய்ப் படிக்குள் தண்ணீர் புகுந்து அரித்திருந்தால் மந்தமாக ஒலிக்கும். மேலே வண்ணம் மட்டும் முழுசாக இருக்கும். படி பக்கச் சட்டத்தோடு சேரும் வெல்டிங்கில் பழுப்புக் கோடு ஓடினால் அழுக்கு என்று விட்டுவிடாதீர்கள், வெடிப்பாக இருக்கலாம். தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். படிக்குப் பின்னால் சுவர்வரை 18 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் பாதத்தின் நுனி மட்டுமே படியில் நிற்கும், வழுக்கல் அங்கேயே தொடங்கும்.

மேல் பிராக்கெட், வழிகாட்டி, இழுவிசை

மேல் பிராக்கெட் ஒரே படியில் தொங்கக்கூடாது. பாரம் பல படிகளுக்குப் பகிர்ந்து போகும்படி, தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கைப் படிகளில் கவ்வி வைத்துப் பூட்ட வேண்டும். ஏணியின் பக்கச் சட்டம் மேல் தளத்துக்கு மேலே சுமார் 1.1 மீற்றர் நீண்டிருக்க வேண்டும். கேபிளும் அந்த உயரம்வரை போக வேண்டும். கேபிள் தளத்துக்குக் கீழேயே முடிந்துவிட்டால், ஏறியவர் ஏணியில் நின்றபடியே கிராப்பைக் கழற்றிவிட்டுத் தளத்துக்குத் தாவுவார். முழு ஏற்றத்திலும் மிக ஆபத்தான நொடி அதுதான். தளத்தில் ஒரு நங்கூர வளையம் வைத்து, முதலில் ஹார்னஸில் இணைத்த இரட்டை வாரின் (இரண்டு கொக்கியுள்ள வார்) ஒரு கொக்கியை அதில் மாட்டிய பிறகே கேபிளிலிருந்து கழற்றும்படி பழக்க வேண்டும்.

கேபிள் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத எஃகு அல்லது கல்வனைஸ் கம்பி. கிராப் எந்தத் தடிப்புக்குச் செய்யப்பட்டதோ அந்தத் தடிப்புக் கேபிளில் மட்டும்தான் கவ்வும். ஒரு கம்பெனியின் கேபிளில் இன்னொரு கம்பெனியின் கிராப்பைப் போட்டால் கையால் இழுத்துப் பார்க்கும்போது நிற்கும். ஆள் பாரத்தில் நிற்குமா என்பது யாரும் சோதிக்காத விஷயம். துருப்பிடிக்காத கேபிளுக்குச் சாதாரண கல்வனைஸ் போல்ட் போடவும் வேண்டாம். ஈரமான மலைக்காற்றில் இரண்டு உலோகமும் தொட்டு நின்றால் அந்தச் சின்னப் போல்ட்தான் முதலில் கரையும்.

காற்றில் கேபிள் அடித்துக்கொள்ளாமல் இருக்க 7.5 முதல் 12 மீற்றருக்கு ஒன்றாக, கேபிளை இடத்தில் பிடித்துவைக்கும் வழிகாட்டிகள் வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் பக்கம், கினிகத்தேனை, நோர்ட்டன் பிரிட்ஜ் போன்ற இடங்களில், இடைவெளியைக் குறைவாகவே வையுங்கள். வழிகாட்டி விடுபட்ட கேபிள் இரவெல்லாம் படியில் உரசி ரம்பம் மாதிரி தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும்.

கீழ்நுனியில் இழுவிசைத் திருகு இருக்கும். அதிலுள்ள காட்டி சொல்லும் அளவுக்கே முறுக்குங்கள். தளர்ந்தால் கிராப் மேலேறும்போது கேபிளையும் தூக்கிக்கொண்டு வரும். மிகையாக முறுக்கினால் மேல்படி வளையும். நுனியில் யூ போல்ட் கிளிப் போடுவதானால், சேணம் (கம்பி உட்காரும் அடிப்பகுதி) பாரம் தாங்கும் கம்பியின் பக்கம், வளைந்த போல்ட் வெட்டி முடிந்த நுனியின் பக்கம் இருக்க வேண்டும். மாறிப் போட்டால் போல்ட் பாரம் தாங்கும் கம்பியை நசுக்கிவிடும். தயாரிப்பாளர் சொன்ன எண்ணிக்கைக் கிளிப், எல்லாம் ஒரே திசையில். பாரம் ஏற்றிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். ஆனால் மேல்நுனிக்குக் கிளிப் வேண்டவே வேண்டாம். தொழிற்சாலையிலேயே அழுத்திப் பொருத்திய முனையுள்ள கேபிளை வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஏணியின் அடியில் ஒரு தகடு வையுங்கள்: பொருத்திய திகதி, அடுத்த சோதனைத் திகதி, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம், எடை எல்லை. எடைக்கு மேல் எல்லை மட்டுமல்ல, கீழ் எல்லையும் உண்டு. மெலிந்த இளைஞர்களை ஏற்றும்போது அதையும் பாருங்கள். பாரம் போதாமல் கிராப் சரியாகக் கவ்வாமல் போகலாம்.

ஹார்னஸ் போடும் விதம்

இடுப்பில் கட்டும் பெல்ட்டை இன்னும் "சேஃப்டி பெல்ட்" என்று விற்கிறார்கள். விழுந்தால் அது வயிற்றை நசுக்கும். தலைகீழாகப் புரண்டால் உருவிக்கொண்டும் போகும். தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ் மட்டுமே வாங்குங்கள். பட்டறையில் கம்பி வளைத்து வெல்ட் செய்த டி வளையம் எதையும் ஏற்காதீர்கள்.

ஏணிக் கேபிளில் மாட்ட வேண்டியது நெஞ்சு வளையம், முதுகு வளையம் அல்ல. கேபிளுக்கும் நெஞ்சு வளையத்துக்கும் இடையே 23 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. "எட்டவில்லை" என்று நடுவில் ஒரு வாரைச் சேர்த்தால் விழும் தூரம் கூடும். பின்னால் சாயும்போது கிராப்பின் கைப்பிடி மேல்நோக்கி இழுபட்டுக் கவ்வாமலும் போகலாம். இத்தகைய கிராப்புகளுக்கான ஐரோப்பியத் தரத்தை 2014 இல் திருத்தியபோது பின்னால் சாய்ந்து விழுவது, பக்கவாட்டில் விழுவது ஆகிய சோதனைகளைச் சேர்த்தார்கள். பழைய கிராப் கையில் இருந்தால் எந்தத் தரப்படி வந்தது என்று அதன் மேல் பொறித்திருப்பதைப் படியுங்கள்.

கிராப்பில் மேல்நோக்கிய அம்பு இருக்கும். தலைகீழாக மாட்டினால் இறங்கும்போதும் விழும்போதும் சும்மா வழுக்கும். அதனால் ஏறுமுன் இரண்டாம் படியில் நின்று, கைகளை விடாமல், உடம்பைப் பின்னால் உட்கார வைப்பது போல் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று நிற்க வேண்டும். முதல் இரண்டு மீற்றர்வரை எந்தக் கேபிளும் தரையில் மோதாமல் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அந்த உயரத்தைக் கைப்பிடியில் கவனம் வைத்துத்தான் கடக்க வேண்டும்.

குளிருக்குத் தடித்த சுவெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு, அதற்கும் மேல் ஹார்னஸ் என்று போடுவது மலைநாட்டு வழக்கம். பத்து மணிக்கு வெயில் வந்ததும் சுவெட்டரைக் கழற்றுவார்கள். வார் தளர்ந்து தொடைப்பட்டி முழங்காலுக்கு இறங்கும். உடுப்பை மாற்றினால் ஹார்னஸைத் திரும்ப இறுக்க வேண்டும். தொடைப்பட்டிக்குள் உள்ளங்கை தட்டையாக நுழையலாம், மூடிய கை நுழையக்கூடாது. இடுப்பில் சுற்றும் பொலித்தீன் விரிப்பான ரெட்டு கட்டிக்கொண்டு ஏற வேண்டாம், காலுக்கடியில் சுற்றிக்கொள்ளும்.

சோதனை: யார் முதலில் ஏறுவது?

வருடச் சோதனைக்கு வருகிறவர், தான் சோதிக்கப் போகும் அதே கேபிளை நம்பி ஏறுவது பல இடங்களில் நடக்கிறது. இது கூடாது. முதல் ஏற்றத்தில் இரட்டை வாரின் இரண்டு கொக்கிகளையும் மாற்றி மாற்றி ஏணியின் உறுதியான இடத்தில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். ஏணியிலேயே சந்தேகம் இருந்தால் வேறொரு கட்டமைப்பில் மேலிருந்து கயிறு இறக்குங்கள். மேல் பிராக்கெட்டைக் கண்ணால் பார்த்து, போல்ட்டுகளைச் சாவி போட்டு இறுக்கிப் பார்த்த பிறகே கேபிளில் பாரம் வைக்கலாம்.

புகைபோக்கி ஏணிக்குத் தனிக் கவனம் வேண்டும். விறகு அடுப்புப் புகை மேலே குளிர்ந்து கரியும் அமில ஈரமுமாகப் படியும். அதனால் கீழ்ப்பாதி புதிது போல் இருக்க மேல் இரண்டு மீற்றர் இற்றுப்போயிருக்கும். கரியைத் துடைக்காமல் பிராக்கெட்டைப் பார்ப்பதில் பயனில்லை.

கேபிளைத் தடித்த தோல் கையுறை போட்டு முழு நீளத்துக்கும் தடவுங்கள். அறுந்த இழை குத்தும். முறுக்குக் கலைந்து கூடு போல் உப்பிய இடம், மடிந்த இடம், செந்துரு, மெலிந்த இடம் எதுவானாலும் கேபிளை மாற்றுங்கள். ஹார்னஸின் வாரை விரலில் மடித்து வளைத்து, வெளிப்பக்கம் விரியும் இழைகளைப் பாருங்கள்; வெட்டு, தீக்காயம், வெளுத்து மொரமொரப்பான இடம் அப்போதுதான் தெரியும். தொலைத்தொடர்பு நிலையங்களில் பற்றரி அமிலம் பட்ட நைலோன் வார் கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் பலமிழந்திருக்கும். நனைந்ததைத் தொழிற்சாலை அடுப்படியில் காயப்போடாதீர்கள். மென்மையான சவர்க்காரத்தில் கழுவி நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள்.

ஏறுகிற ஒவ்வொரு நாளும் ஏறுகிறவரே பார்ப்பது ஒன்று. 12 மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் பார்த்து எழுதுவது இன்னொன்று. மூடுபனியும் பாசியும் நிறைந்த இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. படியில் பாசி இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகு ஏறுங்கள். தாங்கியின் அடியிலும் கோபுர மூலையிலும் குளவிக்கூடு இருக்கிறதா என்று கீழிருந்தே பாருங்கள். கொட்டும்போது யாரும் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குப் பிறகு இடி வரும். உயரத்து வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

விழுந்தவர் தொங்கினால்

ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்குக் காலில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். ஆனால் தோட்டத்து வளைவுப் பாதையில் அது வந்துசேரும்வரை அவரைத் தொங்கவிட முடியாது. இறக்கும் கயிறும் கப்பியும், அவற்றைக் கையாளப் பழகிய ஒருவரும் கீழே இருந்தால்தான் வேலையைத் தொடங்கலாம். தனியாக ஏற யாரையும் அனுப்பாதீர்கள். தொங்குகிறவர் நினைவோடு இருந்தால் கால்களை ஏணியில் ஊன்றவோ, கால்வளையத்தில் (கால் வைக்கும் வார் வளையம்) ஏறி நிற்கவோ சொல்லுங்கள்.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இந்தப் பொறுப்பை ஏறுகிறவர் தலையில் மட்டும் வைக்கவில்லை; தொழிற்சாலையை நடத்துகிறவருக்கும் பொறுப்பு உண்டு. டீமேக்கரோ (தேயிலைத் தயாரிப்பைக் கவனிப்பவர்) ஃபிட்டரோ "இந்த ஏணி சரியில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அது கோப்பில் இருக்கட்டும். சரிசெய்யாவிட்டால் தொழில் திணைக்களத்தின் பாதுகாப்புப் பிரிவுக்குப் போகலாம்.

ஒருமுறை விழுகையைத் தாங்கிய ஹார்னஸ், கிராப், ஷொக் அப்சோர்பர் எதையும் திரும்பப் பாவிக்கக்கூடாது. கேபிளையும் பிராக்கெட்டையும் தகுதியானவர் பார்த்த பிறகே அடுத்தவர் ஏறலாம். கழித்த ஹார்னஸைச் சாமான் அறையில் மாட்டி வைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். வார்களைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி, தொடர் இலக்கத்தைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அன்றைக்கே குப்பைக்கு அனுப்புங்கள்.