ஏர் ரைபிள் வாங்க லைசென்ஸ் வேண்டுமா?

பிள்ளைக்குத் துப்பாக்கி சுடுதலில் ஆசை வந்துவிட்டால் வீட்டில் முதலில் எழும் கேள்வி லைசென்ஸ் பற்றித்தான். 10 மீட்டர் தூர இலக்கைச் சுடும் போட்டிக்கான ஏர் ரைபிளுக்கு, அதாவது காற்றழுத்தத்தால் குண்டைத் தள்ளும் ரைபிளுக்கு, அது தேவையில்லை. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் .177 அங்குலத்தையும் (4.5 மி.மீ.), குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலையும் தாண்டாத ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டாம். போட்டி ரைபிளின் ஆற்றல் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பில் போட்டு வாங்குங்கள். வெளியே எடுத்துப் போகும்போது ரைபிள் உறைக்குள்ளும் பில் நகல் பைக்குள்ளும் இருக்கட்டும், வழியில் யாராவது கேட்டால் காட்டலாம்.

"பவர் ஜாஸ்தி" என்று யாராவது .22 அங்குல ஏர் ரைபிளைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு லைசென்ஸ் கட்டாயம், 10 மீட்டர் போட்டியில் அதற்கு இடமும் இல்லை. உரிமம் வேண்டாத ரைபிள்தானே என்று கொக்கைக் குறிபார்த்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும்.

லைசென்ஸ் தொல்லை இல்லை என்பதற்காக உடனே கடைக்குப் போக வேண்டியதில்லை. வெளிநாட்டுப் போட்டி ரைபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். இறக்குமதிக்கான சுங்க வரிச் சலுகை தேசிய அளவில் தகுதி மதிப்பெண் எட்டியவர்களுக்கானது. புதிதாக வருபவர் அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. மாநில ரைபிள் சங்கத்தோடு இணைந்த ரைபிள் கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள ரைபிளிலேயே சில மாதம் சுடுங்கள். மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குப் போகவும் அந்த உறுப்பினர் பதிவுதான் வழி.

கையில் இருக்கும் பணத்தை முதலில் சுடும்போது அணியும் தடித்த ஜாக்கெட்டுக்கும் பெல்லட் எனும் சிறு குண்டுகளுக்கும் ஒதுக்கலாம். பெல்லட் தட்டை முனையுடையதாக இருக்க வேண்டும், அதுதான் காகித இலக்கில் வட்டமாகத் துளை போடும். ஒரு டப்பாவில் வழக்கமாக 500 இருக்கும். 60 குண்டு சுடும் போட்டி எட்டு ஆடினால் டப்பா கிட்டத்தட்ட காலி. பழைய ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் துணி ஒற்றை மடிப்பில் 2.5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் போட்டிச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். வளரும் பிள்ளைக்குப் புதிது தைப்பது வீண்செலவு என்பது என் எண்ணம்.

செலவில்லாத பயிற்சி ஒன்று உண்டு: பெல்லட் போடாமல் குறிபார்த்து டிரிகர் அழுத்துவது. அந்த வசதி உள்ள ரைபிளில் மட்டும் செய்யுங்கள். ஸ்பிரிங்கால் காற்றை அழுத்தும் ரைபிளைக் காலியாகச் சுட்டால் உள்ளே அடிபட்டுக் கெட்டுவிடும்.

அரசு உதவி பிறகுதான் வரும். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் துப்பாக்கி சுடுதலும் உண்டு. தேர்வானவருக்கு ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் மதிப்புள்ள உதவி, அதில் கைச்செலவுக்கு மாதம் 10,000. திறமை பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், அதுவரை போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரமாகச் சேர்த்து வையுங்கள்.

பழைய ரைபிளே வாங்குவதானால் அதிலுள்ள அழுத்தக் காற்று சிலிண்டரில் பொறித்த ஆண்டைப் பாருங்கள். பொதுவாக 10 ஆண்டுதான் அதற்கு ஆயுள், தாண்டியிருந்தால் புது சிலிண்டரின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.