யோகா வகுப்பில் சிரிப்பு வரட்டும், சிறுநீர் வர வேண்டாம்

பிள்ளை பெற்றவர்களின் யோகா வகுப்பு போல் கலகலப்பான இடம் வேறில்லை. "கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்" என்று ஆசிரியர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு குழந்தை வீறிடும். அது தன் குழந்தை இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பால் சுரந்து சட்டை நனையும். சவாசனத்தில் படுத்தவர் ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுவார். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம் முடிந்து, இடுப்பை இறக்கும்போது ஒரு சத்தம் கேட்கும், வகுப்பே குலுங்கும். தூக்கம் கெட்ட உடம்புகளுக்கு அந்தச் சிரிப்பு நல்லதுதான்.

ஆனால் சிரிப்போடு சிரிப்பாக இன்னொன்றையும் ஒதுக்கிவிடுகிறார்கள். "குதிச்சா கொஞ்சம் யூரின் போயிடுது மேடம். பிள்ளை பெத்தா எல்லாருக்கும் அப்படித்தானே? வகுப்பிலயும் எல்லாரும் அதைச் சொல்லித்தான் சிரிப்போம்." பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சொல்கிறார்கள். சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்குப் பிசியோதெரபி செய்யும் எங்களுக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம்.

பலருக்கு வருகிறது என்பது உண்மை. பலருக்கு வருவதாலேயே அது இயல்பு ஆகிவிடாது. பல்லில் சொத்தை விழாதவர்கள் குறைவு, அதற்காக யாரும் வைத்தியம் பார்க்காமல் விடுவதில்லையே! பிரசவமான முதல் சில வாரங்களில் கசிவு இருக்கலாம், இழுபட்ட தசைகளுக்குத் தேற நேரம் வேண்டும். மூன்று மாதம் கழித்தும் இருமினால், தும்மினால், சிரித்தால், சூரிய நமஸ்காரத்தில் பின்னால் துள்ளினால் ஈரமாகிறது என்றால் அது சிகிச்சைக்கு உரியது. பெரும்பாலானோருக்குப் பயிற்சியிலேயே நன்றாகக் குறையும். "எனக்கு சிசேரியன்தானே, இதெல்லாம் வராது" என்பதும் தவறு. ஒன்பது மாதம் குழந்தையின் பாரத்தைத் தாங்கியது இதே தசைகள்தான், குழந்தை எந்த வழியில் வந்தாலும்.

அடுத்த தவறு, வகுப்புக்கு முன் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை எரிச்சலடைந்து இன்னும் அவசரப்படுத்தும். பால் கொடுப்பவர் தாகத்தை அடக்குவது அதைவிட மோசம். "எதற்கும் போய்விட்டு வருவோம்" என்று அரை மணிக்கு ஒருமுறை போய் வந்தால், பை நிறையாமலே கூப்பிடப் பழகிவிடும். பகலில் மூன்று நான்கு மணி நேரம் தாங்குவதுதான் சாதாரணம்.

இந்தத் தசைகளுக்கான பயிற்சி எளிது, ஆனால் பாதிப்பேர் தப்பாகச் செய்கிறார்கள். முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் பின்பக்கத்திலிருந்து தொடங்கி, சிறுநீர்த் துவாரம் வரை உள்ளே, மேலே இழுங்கள். முடிந்தால் 10 விநாடி பிடியுங்கள். 3 விநாடிதான் முடிகிறது என்றால் அங்கிருந்தே தொடங்குங்கள். பிறகு அதே அளவு நேரம் முழுசாகத் தளர விடுங்கள். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். பிட்டம் இறுகக் கூடாது, மூச்சு நிற்கக் கூடாது, வயிறு வெளியே தள்ளக் கூடாது. வயிறு தள்ளினால் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறீர்கள் என்று பொருள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வார்கள், அதைக் கேட்காதீர்கள், பை முழுதாகக் காலியாகாது. தும்மல் வருகிறது என்று தெரிந்த நொடியில் இழுத்துப் பிடித்துவிட்டுத் தும்மிப் பாருங்கள். அந்த ஒரு பழக்கமே பலருக்குக் கசிவைக் குறைக்கும்.

யோகா ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மூலபந்தம் என்று இந்தத் தசைகளை இறுக்கச் சொல்லும் நீங்கள், தளர்த்தவும் அதே கவனத்தோடு சொல்லுங்கள். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகிப் போயிருக்கும். உடலுறவில் வலி, சிறுநீர் கழிக்கச் சிரமம் என்பார்கள். அவர்கள் மேலும் இறுக்கினால் தொந்தரவுதான் கூடும்.

சேதுபந்தாசனத்தில் கேட்ட அந்தச் சத்தத்துக்கு வருவோம். இடுப்பு மேலே, தலை கீழே இருக்கும் ஆசனங்களில் பிறப்புறுப்புக்குள் காற்றுப் புகுந்து, இறங்கும்போது வெளியேறுகிறது, அவ்வளவுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பேறுகால இரத்தப்போக்கு நிற்காத பச்சை உடம்பில் இந்த ஆசனங்கள் வேண்டாம். முழங்காலும் மார்பும் தரையில் பட இடுப்பைத் தூக்கும் நிலையும் வேண்டாம். கருப்பையில் ஆறாத இடம் வழியாகக் காற்று இரத்தக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மிக அரிது, ஆனாலும் ஆறு வாரம் பொறுப்பதில் என்ன நஷ்டம்?

வயிறு குறையவேண்டும் என்று முதல் வகுப்பிலேயே, படகுபோல் காலையும் தலையையும் தூக்கும் நௌகாசனம் கேட்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள். மல்லாந்து, முழங்கால் மடக்கி, தலையை மட்டும் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்துங்கள். இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுவயிறு கூம்பாக எழும்பினாலோ, நௌகாசனமும் பலகைபோல் நிற்கும் பலகாசனமும் இப்போதைக்கு வேண்டாம். வயிற்றை உள்ளிழுத்து வேகவேகமாக மூச்சை வெளியேற்றும் கபாலபாதியும் வேண்டாம். மூச்சை விட்டபடி அடிவயிற்றை மெதுவாக உள்ளிழுப்பது, குதிகாலைத் தரையில் தேய்த்தபடி ஒரு காலை நீட்டி மடக்குவது, இவையே தொடக்கம். சிசேரியன் என்றால் வெளித்தையல் ஆறியதை வைத்து முடிவுகட்ட வேண்டாம், உள்ளடுக்குகள் பலப்பட மாதங்கள் ஆகும்.

பால் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். நிறைந்த மார்போடு, குப்புறப் படுத்து செய்யும் புஜங்காசனம் வலிக்கும், விரிப்பும் நனையும். இறுக்கமான உள்ளாடை பால் கட்ட வைக்கும். குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலித்தால், கையும் காலும் ஊன்றி இடுப்பைத் தூக்கும் அதோமுக சுவானாசனத்தில் உள்ளங்கையை ஊன்ற வேண்டாம், முழங்கையை ஊன்றுங்கள். ஒற்றைக்காலில் நிற்கும்போது குழந்தை கையில் வேண்டவே வேண்டாம், படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வகுப்புக்குப் பிறகு இரத்தப்போக்கு திரும்பினாலோ கூடினாலோ, செய்தது அதிகம், சில நாள் நிறுத்துங்கள். கீழே ஏதோ இறங்குவதுபோல் பாரமாக இருந்தால், அல்லது பிரசவக் கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருந்தால், பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே வகுப்பு. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விரிப்பைச் சுருட்டக்கூட நிற்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குழந்தையை வகுப்பில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.