கீமோ போர்ட்: ரத்தம் திரும்பி வருகிறதா?

காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கடியில் கையில் தட்டுப்படும் சிறு மேடுதான் போர்ட்; கீமோ எனும் புற்றுநோய் மருந்தை உடலுக்குள் செலுத்தும் வழி. மேலே தடித்த சிலிக்கோன் மூடி, உள்ளே குட்டி அறை, அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய். குழாயின் நுனி இதயத்தின் வாசலருகே பெரிய சிரைக்குள் நிற்கும். ரத்தம் அங்கே வேகமாக ஓடுவதால், கைச் சிரையைப் பொசுக்கக்கூடிய மருந்துகூட உடனே நீர்த்துவிடும்.

இதற்கு, மூடியைப் பெயர்க்காத நுனி கொண்ட ஹ்யூபர் ஊசிதான் போட வேண்டும். சாதாரண ஊசி சிலிக்கோனைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்துவிடும். குத்தும் வலிக்குப் பயமிருந்தால், ஒரு மணி நேரம் முன்பே மரப்பு க்ரீம் தடவச் சொல்லிக் கேளுங்கள்.

ஊசி போட்டதும் செவிலியர் சிரிஞ்சைப் பின்னுக்கு இழுப்பார். அந்த நொடியில் நீங்களும் ஊசியோடு இணைந்த வெளிக்குழாயைப் பாருங்கள். சிவப்பு ஏறி வர வேண்டும். "சலைன் போகுதே, போதும்" என்பது போதாது. ஊசி நகர்ந்திருந்தாலோ குழாயில் கசிவு இருந்தாலோ டாக்ஸோரூபிசின் போன்ற கீமோ மருந்து வெளியே இறங்கி, சதையையே அழுகச் செய்யும். சலைன் தாராளமாகப் போய், ரத்தம் மட்டும் வராவிட்டால், பெரும்பாலும் குழாய் நுனியில் ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உருவாகும் நார்ப்புரதம்) படலம் படிந்திருக்கும். இழுக்கும்போது அது கதவு போல அடைத்துக்கொள்ளும். இருமிப் பார்க்கலாம், புரண்டு படுக்கலாம். அப்படியும் வராவிட்டால் 2 மி.கி. அல்ட்டெப்ளேஸ் செலுத்திப் படலத்தைக் கரைப்பார்கள். கையைத் தூக்கினால் மட்டும் வருகிறதென்றால் எக்ஸ்ரே அவசியம்: காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே குழாய் நசுங்கிக்கொண்டிருக்கலாம், நாளடைவில் அறுந்தும் போகலாம்.

ஃப்ளஷ் செய்ய, அதாவது சலைன் செலுத்திக் குழாயைக் கழுவ, 10 மி.லி. சிரிஞ்ச் வேண்டும். சிறிய சிரிஞ்சில் அழுத்தம் கூடும், குழாய் வெடிக்கக்கூடும். ஒரே மூச்சில் தள்ளாமல் விட்டுவிட்டுத் தள்ளினால்தான் உட்சுவர் சுத்தமாகும். பயன்படுத்தாத காலத்தில் பொதுவாக 4 வாரத்துக்கொரு முறை. சில மருத்துவமனைகள் கூடுதல் இடைவெளி தருகின்றன. சிகிச்சை முடிந்தபின் பலரும் மறப்பது இதைத்தான்.

ஃப்ளஷ் செய்த சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால், போர்ட்டுக்குள் கிருமி இருக்கிறதென்று சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். போர்ட் இருக்கும் பக்கம் கையோ கழுத்தோ வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கக்கூடும், அதுவும் அவசரம்தான்.

புண் ஆறியபின், ஊசி இல்லாத நாட்களில் தாராளமாகக் குளிக்கலாம். சீட் பெல்ட் உறுத்தினால் மடித்த துணியை இடையில் வையுங்கள், பெல்ட்டைக் கழற்றாதீர்கள். போர்ட் விவரம் எழுதித் தரப்படும் அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். சி.டி. ஸ்கேனுக்கான சாய மருந்தை இயந்திரம் அதிக அழுத்தத்தில் செலுத்தும். உங்கள் போர்ட் அதைத் தாங்கும் வகையா என்பது அந்த அட்டையில்தான் இருக்கும்.