நடைவண்டியும் வாக்கரும் ஒன்றல்ல

குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கியதும் வீட்டில் எழும் முதல் பேச்சு, ‘ஒரு வாக்கர் வாங்கிவிடலாம்’ என்பது. அந்த ஒரு சொல்லோடு கடைக்குப் போகிறவர் மூன்று வெவ்வேறு பொருள்களில் எதை வேண்டுமானாலும் வாங்கிவரக்கூடும். சக்கரம் வைத்த வட்டச் சட்டத்தின் நடுவே துணி இருக்கை தொங்க, அதற்குள் குழந்தையை இறக்கிவிடுவது ஒன்று. குழந்தை பின்னால் நின்று கைப்பிடியைப் பற்றித் தள்ளிக்கொண்டே நடப்பது இன்னொன்று. ‘புஷ் அலாங் ரைடு ஆன்’ என்று பெட்டியில் அச்சிட்டு வருவது மூன்றாவது. தள்ளிக்கொண்டும் நடக்கலாம், ஏறி உட்கார்ந்து காலால் தரையை உந்தியும் போகலாம். பின்னவை இரண்டும் நடைபழக உதவுபவை. முதலாவதை வாங்கவே கூடாது என்பேன். மூன்றுக்கும் ஒரே பெயர் வழங்குவது மொழிச் சிக்கலோடு நிற்கவில்லை, குழந்தையின் பாதுகாப்பையும் தொடுகிறது.

தமிழில் இதற்குத் தெளிவான சொல் இருக்கிறது: நடைவண்டி. மூன்று சக்கரங்கள், அவற்றின் மேல் எழும் மரச்சட்டம், பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். சொல்லின் கட்டுமானத்தைப் பாருங்கள். தள்ளுவண்டி, மிதிவண்டி இரண்டும் வினைத்தொகை. தள்ளுகிற வண்டி, மிதிக்கிற வண்டி என்று விரியும். நடைவண்டியில் முதலில் நிற்பது ‘நடை’ என்னும் பெயர்ச்சொல். அது ‘நடைக்கு உதவும் வண்டி’ என்று விரிகிறது. நடக்க வேண்டியது குழந்தை, உதவ வேண்டியது வண்டி என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. குழந்தையைத் தூக்கி வைத்துச் சுமக்கிற எதற்கும் இந்தப் பெயர் பொருந்தாது.

சொல் எவ்வளவு பழையதோ தெரியாது, அந்த வண்டி மிகப் பழையது. பத்துப்பாட்டில் உள்ள பட்டினப்பாலை ‘பொற்காற் புதல்வர் புரவி இன்று உருட்டும் முக்காற் சிறுதேர்’ என்கிறது. இங்கே ‘முக்கால்’ என்பது மூன்று சக்கரம். ‘கால்’ என்ற சொல்லுக்குச் சக்கரம் என்ற பொருளும் உண்டு. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்ற குறளில் இருப்பதும் அந்தக் கால்தான். புரவி இல்லாமல், பிள்ளைகள் தாமே உருட்டிய மூன்று சக்கரத் தேர்! உலர்த்திய தானியத்தைக் கொத்தவரும் கோழியை விரட்டப் பெண்கள் வீசிய காதணி, அந்தத் தேரின் வழியை மறித்துக் கிடக்கிறதாம். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைக் காட்டவே புலவர் இதைச் சொன்னார். எனக்கோ படிக்கும்போதெல்லாம் சக்கரத்தின் அளவுதான் கண்ணில் படுகிறது. சிறிய சக்கரத்தை நிறுத்த ஒரு காதணி போதும்.

அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் இதைவிட நெருக்கமாக வருகிறார்: ‘தச்சச் சிறாஅர் நச்சப் புனைந்த ஊரா நற்றேர் உருட்டிய புதல்வர் தளர்நடை வருத்தம் வீட’. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே விரும்பும்படி செய்த தேர். அதை உருட்டிக் களைத்த குழந்தைகள் செவிலித்தாயரிடம் பால் குடித்துவிட்டுப் படுக்கையில் உறங்குகிறார்கள். இந்த வரியில் நமக்கு வேண்டிய இரண்டு சொற்கள் உள்ளன.

ஒன்று, தளர்நடை. ‘டாட்லர்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்பவர்களுக்கு ‘நடைபயிலும் குழந்தை’ என்று சொல்லிவருகிறோம், அது சரிதான். ஆனால் அந்த நடையின் தள்ளாட்டத்தைச் சொல்ல ‘தளர்நடை’யைப்போல இன்னொரு சொல் இல்லை. தளர்வு எவ்வளவு என்பதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் தம் போக்கில் விளையாடியபோது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைத்து, 17 முறை விழுந்தன. ‘தளர்நடை வருத்தம்’ என்று புலவர் எழுதியது வெறும் அழகுக்காக இருக்க முடியாது.

மற்றொன்று, ‘ஊரா’. ஊர்தல் என்றால் ஏறிச் செலுத்துதல். ஊர்தி அதிலிருந்து வந்தது. ஊரா நல்தேர் என்றால் ஏறிச் செல்லாத, உருட்டுவதற்கு மட்டுமான நல்ல தேர். அதாவது, தள்ளுவதற்கான வண்டியையும் ஏறுவதற்கான வண்டியையும் அந்த ஒற்றை எதிர்மறை பிரித்துக் காட்டுகிறது. இன்று பொம்மைப் பெட்டிகளில் ‘புஷ் அலாங்’ என்றும் ‘ரைடு ஆன்’ என்றும் இருப்பது இதே பிரிவுதான்.

ஆங்கிலத்தின் ‘வாக்’ என்ற சொல்லும் ஒரு வியப்பைத் தருகிறது. அதன் பழைய வடிவத்துக்கு உருளுதல், புரளுதல் என்றே பொருள். காலால் நடப்பது என்ற பொருள் பிற்பாடு ஏறியது. உருட்டிக்கொண்டே நடக்கும் குழந்தைக்கு அந்தப் பழைய பொருள்கூடப் பொருந்தும். ஆனால் ‘வாக்கர்’ என்ற இன்றைய சொல் முதியவர்கள் ஊன்றி நடக்கும் சட்டத்தையும் குறிக்கிறது, குழந்தையை உட்காரவைக்கும் வட்டத்தையும் குறிக்கிறது. அந்த வட்டத்தை ‘உருள் இருக்கை’ என்று அழைக்கலாம் என்பது என் கருத்து. அதில் உட்கார்ந்த குழந்தை தன் பாதத்தைப் பார்க்க முடியாது. உடலின் எடையைத் தானே தாங்குவதில்லை. நுனிக்காலால் உதைக்கப் பழகுகிறது. ஒரு நொடியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் பாய்ந்துவிடும் என்பதால், பக்கத்தில் நிற்கும் பெரியவர்கூட எட்டிப் பிடிக்க முடியாமல் போகும். படிக்கட்டில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்ட குழந்தைகள் ஏராளம். கனடா 2004இல் இதன் விற்பனையையும் இறக்குமதியையும் விளம்பரத்தையும் தடைசெய்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியும் தடையைக் கோரிவருகிறது. விரைவில் நடக்கவைக்கும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை.

அவசரப்படவும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, குழந்தை தானாக நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை எப்போதும் நிகழலாம். பிள்ளைத்தமிழ் மரபில் ‘வருக’ என்று குழந்தையை நடந்துவர அழைக்கும் வருகைப் பருவத்துக்குப் பதின்மூன்றாம் திங்கள் வகுத்திருப்பது இந்த இடைவெளியின் நடுவிலேயே விழுகிறது.

இனி, தள்ளவும் ஏறவும் ஆகிற அந்த வண்டிக்கு என்ன பெயர்? ‘தள்ளுவண்டி’ வியாபாரிகளுடையது. ‘உந்துவண்டி’ என்றால் பேருந்து, மகிழுந்து வரிசையில் எஞ்சின் நினைவுக்கு வருகிறது. ‘சிறுதேர்’ இனிய சொல்தான், ஆனால் ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவமாகி, நன்றாக ஓடியாடும் பிள்ளைக்கு உரியதாகிவிட்டது. நான் ‘நடையூர்தி’ என்பேன். நடை, ஊர்தி இரண்டும் அதில் முழுதாக இருக்கின்றன. நடை முதலில் நிற்பதும் சரியே, ஏனென்றால் குழந்தை முதலில் செய்வது அதைத்தான்.

வாங்கும்போது அந்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் நடை. கைப்பிடி குழந்தையின் இடுப்புக்கும் மார்புக்கும் இடையே, முழங்கை சற்று மடங்கும் உயரத்தில் இருக்க வேண்டும். பிறகு கைப்பிடியின் மேல் உங்கள் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். முன்சக்கரம் தூக்கிக்கொண்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். குழந்தை கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும். அப்போது எடை முழுவதும் அங்கே இறங்கும். நடையூர்திகளில் இந்தக் குறை மிகுதி, ஏனென்றால் பலவற்றில் இருக்கையின் சாய்மானமே கைப்பிடி, அது பின்சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்புறம் அடியில் கவிழாமல் தடுக்கும் முட்டு இருந்தால் நல்லது. இருக்கைக்குக் கீழே பெட்டி இருந்தால் சில புத்தகங்களை வைத்து எடை கூட்டலாம்.

சக்கரங்கள் அகன்று, பெரிதாக, ரப்பர் விளிம்போடு இருக்கட்டும். வழவழப்பான தரையில் கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கி முன்னே ஓடிவிடும், குழந்தை முகம் குப்புற விழும். சக்கரத்தின் இறுக்கத்தைத் திருகிக் கூட்டக் குறைக்க முடிகிற வண்டி கிடைத்தால் தயங்காதீர்கள். எல்லாப் பக்கமும் சுழலும் சக்கரம் தொடக்கத்தில் வேண்டாம்; நேராக மட்டும் போவதே போதும்.

பாட்டும் விளக்கும் விருப்பம்போல. பொத்தான்கள் நிறைந்த வண்டியின் முன் குழந்தை நின்றுவிடுகிறது என்பதால் எனக்கு அவற்றில் நாட்டமில்லை. இருந்தால், பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கழன்று வரக்கூடிய சிறு பகுதி எதுவும் இருக்கக்கூடாது. இதைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு தொண்டையை அடைத்துவிடும் என்று கொள்கிறார்கள்.

ஊர்தல் பிறகு வரும். இருக்கையில் உட்காரவைத்தால் இரு பாதங்களும் தரையில் தட்டையாகப் பதிந்து, முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். நுனிவிரல் மட்டும் தொட்டால் இன்னும் சில மாதங்கள் பொறுத்திருங்கள், அதுவரை அது ஊரா நல்தேராகவே இருக்கட்டும். ஏறத் தொடங்கும் பல குழந்தைகள் முதலில் பின்னோக்கித்தான் போகும், முன்னே உந்துவதைவிடப் பின்னே உதைப்பது அவற்றுக்கு எளிது. அந்த நாள்களில் குழந்தையின் முதுகுப்புறத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். படிக்கட்டுக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.