ஏரி வற்றும் முன் எழுதிக் கொடுங்கள்: மெட்ரோ வாட்டர் லாரி யாருக்கு வரும், யாருக்கு வராது

2019 ஜூனில், சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளையும் சேர்த்தாலும் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்குத் தண்ணீர் இல்லை. மெட்ரோ வாட்டரில், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தில், தினமும் குழாயில் விட்ட 83 கோடி லிட்டரை 52.5 கோடியாகக் குறைத்தார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அப்புறம் தேர்வாய்கண்டிகை ஏரி திறந்தாகிவிட்டது, நெம்மேலியில் இரண்டாவது கடல்நீர் ஆலையும் வந்துவிட்டது. சரி, நல்லதுதான். ஆனால் குழாய் நின்ற தெருவில் குடம் நிரம்புவது லாரியால்தான். அந்த லாரியைக் கேட்டு வாங்கத் தெரியாமல் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

லாரித் தண்ணீர் இரண்டு வகை. தெருவில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியில் நிரப்பும் லாரி நடை இலவசம். நம் வீட்டு சம்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) வரவழைப்பது பதிவு செய்து பணம் கட்டும் லாரி. அலுவலகத்தில் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார்கள். தெருத்தொட்டி கேட்டுப் போனவரிடம் "ஆன்லைன்ல புக் பண்ணிக்கோங்க" என்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

முதலில் பணம் கட்டும் லாரி. இதில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவர்கள். சிஎம்சி எண், அதாவது மெட்ரோ வாட்டரின் நுகர்வோர் எண், வீட்டு ஓனர் பெயரில் இருக்கும், பதிவான செல்போன் எண்ணும் அவருடையது. எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் மே மாதத்தில் நான்கு முறை மெட்ரோ வாட்டர் பணிமனைக்கு நடந்தார். முதல் நாள் "ரசீது கொண்டு வாங்கம்மா". அடுத்த நாள் "வரி பாக்கி இருக்கே, கட்டிட்டு வாங்க". ஓனர் இருப்பது கோயம்புத்தூரில், போனை எடுப்பதில்லை. மூன்றாம் முறை போனபோது உதவிப் பொறியாளர் சைட்டுக்குப் போயிருந்தார். நான்காம் முறை, லாரிக்கு ஏகப்பட்ட பேர் காத்திருக்கிறார்கள் என்றார்கள். கடைசியில் நான்கு வீடுகள் சேர்ந்து தனியார் லாரி வாங்கின, கேட்ட விலைக்கு.

ஆகவே வாடகை ஒப்பந்தம் போடும்போதே குடிநீர் வரி ரசீதின் நகலையும் சிஎம்சி எண்ணையும் வாங்கி வையுங்கள். அரையாண்டு வரி செப்டம்பரிலும் மார்ச்சிலும் முடிகிறது. பாக்கி இருந்தால் பிப்ரவரியிலேயே ஓனரை நச்சரியுங்கள். சொந்த வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று: குழாய் இணைப்பே இல்லாவிட்டாலும் குடிநீர், கழிவுநீர் வரி உண்டு. "எங்களுக்குத்தான் லைனே இல்லையே" என்று கட்டாமல் விட்டவர்களுக்கு அது கோடையில் வந்து விடியும்.

பதிவு செய்யும் முன் சம்பை அளந்து பாருங்கள். 4,000 லிட்டர் சம்புக்கு 6,000 லிட்டர் லாரி வந்தால் மீதியை எங்கே விடுவீர்கள்? பக்கத்து வீட்டோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். சந்து குறுகல் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லாரி முனைவரை வந்து திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். பதிவில் காட்டும் தொகைக்கு மேல் "டீ காசு" கேட்டால் லாரி எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு 044-45674567-இல் புகார் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

இனி தெருத்தொட்டி. இங்கே ரசீதும் வேண்டாம், ஓனரும் வேண்டாம். தெருவில் குடியிருந்தால் போதும். குடத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்க யாருக்கும் உரிமையில்லை. தொட்டி இல்லையென்றாலோ நடை குறைந்துவிட்டாலோ, தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு உங்கள் பகுதிப் பொறியாளருக்கு மனுக் கொடுங்கள். எத்தனை வீடு, எத்தனை பேர், கடைசியாக லாரி வந்த தேதி என்ன, மூன்றும் அதில் இருக்கட்டும். வாயால் சொன்ன புகாருக்கு அங்கே மதிப்பில்லை. நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "இங்க வெச்சிட்டுப் போங்க, பார்த்துக்கிறோம்" என்று சொன்ன மேசையில் போன மனு எதுவும் மேலே போய் நான் கண்டதில்லை.

முத்திரை தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதைவிட நல்லது, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை பகுதி அலுவலகங்களில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம். தனியாகப் போகாதீர்கள், பத்துப் பேராகப் போங்கள். மழைக்காலத்தில் அங்கே கூட்டமே இருக்காது, மே மாதத்தில் நிற்க இடம் கிடைக்காது.

லாரி வருவதாக ஏட்டில் எழுதியிருக்கிறது, தெருவுக்கு வரவில்லை என்ற சந்தேகம் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் தெருவுக்கான ஒரு மாத நடைப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. நாங்கள் கேட்டபோது பதிலுக்கு முன்பே லாரி வர ஆரம்பித்துவிட்டது.

இன்னொன்று. தண்ணீர் குறைவாக வருகிறதென்று மெட்ரோ லைனில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சாதீர்கள். பிடித்தால் மோட்டாரும் போகும், இணைப்பும் போகும். அப்புறம் லாரி கேட்டு அதே பொறியாளர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.